அப்பா எழுதிய போர்டு: மேலே எழுதலாமா, கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா?

கோரிப்பாளையம் டீச்சர் | ஞாயிறு, இரவு 10.40

கேள்வி சின்னதுதான். முன்கதை இல்லாமல் கேட்டால் புரியாது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் அப்பா போர்டு எழுதுகிறவர். மதுரையில் விளக்குத்தூண், கீழமாசி வீதிப் பக்கம் ஒரு காலத்தில் அண்ணாந்து பார்த்தால் ஐந்து கடைக்கு ஒன்று அவர் கை வேலையாக இருக்கும். தேர்தல் வந்தால் சுவர் எழுத்து, தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடை, பொங்கலுக்கு முன்னால் பாத்திரக்கடை. சேஷன் தேர்தல் கமிஷனராக வந்து சுவர் எழுத்துக்குக் கெடுபிடி செய்தது முதல் அடி. 2000-க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது அடுத்த அடி. அதிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. நம் ஊரில்தான் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ் ஆயிற்றே. அப்பா இறந்தபோது தெருமுனையில் அவருக்கும் ஒன்று கட்டினார்கள். 'ஆழ்ந்த இறங்கல்' என்று போட்டிருந்தது. வல்லின றகரம். அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் இருந்திருந்தால் அந்தப் பையன்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

அது 2023 ஐப்பசி. அவருக்கு 79 வயது. பதினாறாம் நாள் காரியம்வரை சமையல், பந்தி, யாருக்கு என்ன முறை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஒரு அத்தை சொன்னதும் காதில் விழுந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, சிக்னலில் ஏதோ ஒரு கடைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. சிம்மக்கல்லில் இறங்க வேண்டியவள் பெரியார் நிலையம்வரை அழுதுகொண்டே போனேன். கண்டக்டர் கூடுதல் டிக்கெட் கேட்கவில்லை.

அவருடைய தகரப் பெட்டியைத் தம்பி பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே கல்லாகிப் போன பிரஷ்கள், நூல்கண்டு, சுண்ணாம்பு டப்பா, முனை மழுங்கிய ஊசி ஒன்று. சின்ன வயதில் அப்பா ஓரக்கோடு போடுவார், உள்ளே கலர் நிரப்புவது என் வேலை. வெளியே வழியாமல் நிரப்பினால் ஒரு பால்பன். எட்டாம் வகுப்பில் நான் பெரிய மனுஷி ஆனதும் அம்மா நிறுத்திவிட்டாள். ஏணி ஏறுகிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கணக்கு, பி.எட்., கல்யாணம், பள்ளிக்கூடம். பிரஷைத் தொடவில்லை, முப்பத்தைந்து வருஷம்.

இப்போது எனக்கு 50. ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் பழைய தகரத்தில் எழுதிப் பழகுகிறேன். 'அ' வருவதற்கே இரண்டு மாதம் ஆனது. வீட்டுக்காரர் முதலில் கிண்டல் செய்தார். இப்போது அவரே தின்னர் வாங்கி வந்து தருகிறார்.

இனி கேள்வி. விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில் அப்பாவின் போர்டு இன்னும் இருக்கிறது. 2004-ல் எழுதியது, எட்டடிக்கு மூன்றடி தகரம். இருக்கிறதில் அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். வெளுத்துவிட்டது. கடையை இப்போது பார்ப்பது பெரியவரின் பேரன், என்னிடம் கணக்கு படித்தவன். "டீச்சர், சித்திரைத் திருவிழாவுக்குள்ள மாத்தப்போறேன். எல்.இ.டி. வைக்கிறதா இருந்தேன். நீங்க எழுதுறீங்கனு சொன்னாங்க. நீங்களே இது மேல எழுதித் தர்றீங்களா? இல்ல, பழச எடுத்துக்கறதுன்னாலும் எடுத்துக்குங்க" என்கிறான்.

மேலே எழுதினால் அப்பாவின் எழுத்தை நானே அழித்த மாதிரி. கழற்றிக்கொண்டு வந்தால் எட்டடித் தகரத்தை எங்கே வைப்பது, எதற்கு வைப்பது? ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

வண்டியூரான் | ஞாயிறு, இரவு 11.05

யோசிக்கவே வேண்டாம் டீச்சர். கழற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். மாடிப்படிச் சுவரில் மாட்டலாம். எல்.இ.டி. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

துபாய் மதுரைக்காரன் | திங்கள், அதிகாலை 1.20

வண்டியூரான் சொன்னதே என் கட்சி. என் அப்பாவுடையது என்று என்னிடம் இருந்தது வாட்ஸப் குரல் பதிவு மூன்று. ஒன்றில் பேங்க் வேலை முடிந்ததா என்று கேட்பார், ஒன்றில் இருமுவார், மூன்றாவதில் தவறுதலாக அமுக்கிவிட்டு அம்மாவிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்பார். போன் தண்ணீரில் விழுந்தது. மூன்றும் போயிற்று. அந்தச் சாம்பார் பதிவுக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். கையில் இருக்கிறதை விடாதீர்கள்.

ஏணிக்காரர் | திங்கள், காலை 6.15

திருமங்கலம். நாற்பது வருஷம் இதே தொழில். உங்க அப்பா யாரென்று எனக்குத் தெரிந்திருக்கலாம், பெயர் கேட்கவில்லை.

போர்டு என்றாலே மேலே மேலே எழுதுவதுதான் தாயி. யாரும் புதுத் தகரம் வாங்கித் தர மாட்டான். இருப்பதன் மேலேயே கிரவுண்ட் கலர், அதாவது பின்னணி நிறம், அடித்து எழுதச் சொல்வான். உங்க அப்பா எழுத்துக்கு அடியில் இன்னொருத்தர் எழுத்து இருக்கும். அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கலாம். நம்பவில்லையென்றால் ராத்திரி போய் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. எனாமல் எழுத்து மேடாகத்தான் நிற்கும், எத்தனை கோட் அடித்தாலும் அந்த மேடு போகாது.

இன்னொரு வழி சொல்கிறேன். மேலே எழுதுவதற்கு முன்னால் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி ஓரக்கோட்டை அப்படியே பென்சிலில் எடுங்கள். அப்புறம் பேப்பரைப் போர்வை மேலே விரித்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்த வேண்டும். அதைப் புது கிரவுண்டில் ஒட்டி, மெல்லிய துணியில் கரித்தூளைப் பொட்டணமாகக் கட்டித் தட்டினால் ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கிவிடும். ஒரே எழுத்தைப் பத்துக் கடைக்கு எழுத நாங்கள் இப்படித்தான் செய்வோம். பெட்டியில் முனை மழுங்கிய ஊசி இருக்கிறது என்றீர்களே, அது இதற்குத்தான்.

கீரி முடிப் பிரஷ் இருந்தால் அதை விற்கவோ புதிதாக வாங்கவோ போக வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நைலான் முடியே போதும், கை பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

நடுநிசி | திங்கள், இரவு 11.50

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. என் அப்பாவும் பெயிண்டர், சினிமா பேனர். நாற்பதடி கட்அவுட்டுக்குக் கண் வரைகிறவர். வாங்கிய கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் போனபோது நிம்மதிதான் வந்தது, அதற்காகப் பத்து வருஷம் குற்ற உணர்ச்சி. செத்த பிறகு எல்லா அப்பாவும் கலைஞர் ஆகிவிடுகிறார்கள். ஐம்பது வயதில் பிரஷ் பிடிப்பதற்குச் சம்பளமும் மொட்டைமாடியும் வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டியூரான் | செவ்வாய், காலை 7.30

தம்பி, இடம் பார்த்துப் பேசலாமே.

கோரிப்பாளையம் டீச்சர் | செவ்வாய், இரவு 9.10

வண்டியூரான், அவர் பேசட்டும். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

நடுநிசி, என் அப்பாவும் குடித்தார். அம்மாவின் தோடு ஆறு முறை அடகுக்குப் போனது, ஆறாவது முறை திரும்பவில்லை. ஒரு வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, எல்லோரும் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்த்துக்கொண்டிருக்க, நானும் அம்மாவும் அவரைத் தேடி யானைக்கல் முழுவதும் அலைந்தோம். அதையெல்லாம் முதல் பதிவில் ஏன் விட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் யோசித்தேன். கேள்வியை அழகாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன் போல.

எந்த போர்டு குடித்துவிட்டு எழுதியது, எது குடிக்காமல் எழுதியது என்று எனக்குத் தெரியும். குடித்திருந்தால் 'ழ'வின் வால் கீழ்க்கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பாத்திரக்கடை போர்டு டாக்டர் மிரட்டி நிறுத்திய காலத்தது. வால் சரியாக நிற்கிறது. அதுதான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நல்ல அப்பா எழுதிய போர்டு என்று வையுங்களேன், அப்படி ஒருத்தர் நாலைந்து வருஷம் எங்கள் வீட்டில் இருந்தார்.

சம்பளம், மொட்டைமாடி: உண்மை.

நடுநிசி | செவ்வாய், இரவு 11.58

'ழ' விஷயம் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பா கண்ணை மட்டும் எப்போதும் காலையில்தான் வரைவார். கை நடுங்காத நேரம் அது என்று இப்போது புரிகிறது.

மல்லிப்பூ | புதன், பகல் 2.15

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அழ முடியவில்லை என்று டீச்சர் எழுதியதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா ஒப்பாரி பாடுகிறவள். கூலிக்கு இல்லை. துக்க வீடு என்றால் கூப்பிடாமலே போவாள். வட்டமாகத் தோள்மேல் கை போட்டு உட்கார்ந்து ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவள் எங்கள் அம்மா. எனக்குச் சின்ன வயதில் அது வெட்கம். ஹாஸ்டலில் என் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால் விவசாயம் என்று முடித்துக்கொள்வேன்.

அவள் இறந்தபோது ஊரே காத்திருந்தது, யார் எடுத்துக் கொடுப்பது என்று. கூடப் பாடிய கிழவிகளில் இருந்தது இரண்டு பேர், இருவருக்கும் குரல் இல்லை. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் சத்தம்தான் கேட்டது. எனக்கு அப்போது 46. வாயைத் திறந்தேன். முதல் இரண்டு வரி அவளுடையது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவளைத் திட்டினேன். ஏன் மாத்திரையை ஒளித்து வைத்தாய், ஏன் போன் செய்தால் நல்லா இருக்கேன் என்றாய் என்று அதே ராகத்தில் வந்தது. கிழவிகள் வாங்கிப் பாடினார்கள். முடிந்ததும் ஒரு கிழவி, "திட்டுறதும் ஒப்பாரில சேத்திதான், தப்பில்ல" என்றாள்.

இப்போது ஊர் ஊராகப் போய் மிச்சம் இருக்கிற பாட்டிகளிடம் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். மூன்று நோட்டு ஆகிவிட்டது. சும்மா கேட்டால் பாட மாட்டார்கள், வீட்டில் பாடினால் ஆகாது என்பார்கள். கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய்ப் பாடச் சொல்வேன். நிறையப் பாட்டு பாதியில் நின்றுவிடும். மிச்சத்தை நானே போட்டு முடிக்கிறேன். இது சரியா என்று எனக்கும் ராத்திரியில் சந்தேகம் வரும். ஆனால் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பாள். அந்தந்த வீட்டுப் பிணத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றித்தானே பாடினாள்.

டீச்சர், மேலே எழுதுங்கள்.

கெமிஸ்ட்ரி லேப் | புதன், மாலை 6.40

உணர்ச்சி விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், அதில் கவனம்.

பழைய எனாமலில் ஈயம் இருக்கும். குறிப்பாக மஞ்சள்: அந்தக் காலத்து குரோம் மஞ்சள் என்பது லெட் குரோமேட்தான். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. 2004 போர்டும் அதற்கு அடியில் உள்ளதும் அதற்கு முந்தையவை. உலர வைத்துத் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். தீ வைத்து உரிக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றி ஈரமாகவே, தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அப்பா கூட உட்கார்ந்து நீங்கள் எத்தனை வருஷம் கலர் நிரப்பினீர்கள் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கோரிப்பாளையம் டீச்சர் | புதன், இரவு 10.20

நகத்தில் இருந்த மஞ்சள் பெயிண்டோடு பால்பன் தின்றிருக்கிறேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மாஸ்க் வாங்கிவிட்டேன்.

ஏணிக்காரர் ஐயா, இன்னொரு சந்தேகம். போர்டில் 'விற்பனை நிலையம்' என்று வருகிறது. அப்பா 'னை', 'லை' இரண்டையும் பழைய மாதிரி துதிக்கை போட்டு, அதாவது கொம்பை முன்னால் தனியாகப் போடாமல் எழுத்தோடு ஒட்டிய வளைவாகத்தான் எழுதியிருக்கிறார். நான் எப்படி எழுதுவது? என் மாணவர்களுக்கு அந்த எழுத்தைக் காட்டினால் முழிக்கிறார்கள்.

நடுநிசி | வியாழன், நள்ளிரவு 12.30

பெரியார் 1935-லேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் இந்த எழுத்துகளை மாற்றிவிட்டார், எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஆணையே போட்டாயிற்று. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்து மாறியது. 2004-ல் உங்கள் அப்பா எதற்குத் துதிக்கை போட்டார்? கட்சி விஷயமா?

ஏணிக்காரர் | வியாழன், காலை 6.05

கட்சியும் இல்லை ஒன்றும் இல்லை தம்பி. இடம். புது 'லை' என்றால் முன்னால் தனியாக ஒரு கொம்பு போட வேண்டும், ஒரு எழுத்து அகலம் போய்விடும். பழைய மாதிரி என்றால் துதிக்கை எழுத்தோடு ஒட்டி மேலே ஏறிவிடும். 'விற்பனை நிலையம்' எழுதினால் இரண்டு எழுத்து இடம் மிச்சம். எழுத்தைப் பெரிதாகப் போடலாம், எதிர்சாரியில் நிற்கிறவனுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் தொழில் கற்றவன் யாரும் அதை லேசில் விட மாட்டான்.

நீங்கள் எப்படி எழுதுவது என்பதைத் தகரத்தை அளந்து முடிவு பண்ணுங்கள்.

வண்டியூரான் | வியாழன், இரவு 8.45

நான் கட்சி மாறிவிட்டேன், மல்லிப்பூ அக்கா மாற்றிவிட்டார். டீச்சர், நேரம் கிடைத்தால் கீழடி அருங்காட்சியகம் போய்விட்டு வாருங்கள். 2023-ல் திறந்தது, உங்கள் வீட்டிலிருந்து தூரமே இல்லை. 'குவிரன் ஆதன்' என்று பானை ஓட்டில் கீறியிருக்கிறது பாருங்கள். ராஜா வெட்டிய கல்வெட்டு இல்லை, யாரோ ஒருவர் தன் பானையில் எழுதிய பெயர். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

கோரிப்பாளையம் டீச்சர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

நீண்ட நாள் வராததற்கு மன்னிக்கவும். தேர்வு விடைத்தாள் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

முதலில் டார்ச். கடை சாத்திய பிறகு பேரன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே. அப்பாவின் எழுத்துக்கு அடியில் 'பாத்திரக் கடை' என்று பெரிதாக வேறொரு கை. 'க'வின் வயிறு அப்பாவுடையதைவிட உருண்டை, அழகான கை. அது யார் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. அப்பா அவர் மேல் எழுதும்போது தூக்கம் கெட்டிருக்க மாட்டார். அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வந்தது.

இரண்டு ஞாயிறு ட்ரேசிங் எடுத்தேன். பேப்பர் எட்டடி, சுருட்டி பீரோ மேலே வைத்திருக்கிறேன். ஆனால் கரித்தூள் தட்டி அப்படியே இறக்கவில்லை. தட்டித்தான் பார்த்தேன், புள்ளிகள் வந்தன. பிரஷை வைத்ததும் என் கை அந்தப் புள்ளிமேல் போக மறுத்தது. அவர் 'வி'யின் சுழியை மேலே கொண்டுபோய்த் திருப்புவார், எனக்கு அதற்கு முன்னாலேயே திரும்புகிறது. பாதி எழுத்துவரை சண்டை போட்டுவிட்டு, துணியால் துடைத்து, நூல் அடித்து இரண்டு கோடு போட்டு என் கைக்கே எழுதினேன். ஒன்பது மணி நேரம் ஆனது. அப்பாவுக்கு இரண்டரை மணி நேர வேலை.

'னை', 'லை' துதிக்கைதான். கடைக்காரன் கீழே செல்போன் நம்பரும் வேண்டும் என்றான், பத்து இலக்கம். அளந்து பார்த்தால் புது எழுத்துக்கு இடமே இல்லை. "இது என்ன டீச்சர், யானை மாதிரி இருக்கு" என்றான். அவன் தாத்தா உள்ளே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெளியே வந்து எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். நான் நாலாவது படி ஏறும்போது கீழேயிருந்து, "துப்பட்டாவை இழுத்துக் கட்டு, ஏணில மாட்டும்" என்றாள். ஒன்பது மணி நேரத்தில் அவள் சொன்னது அது ஒன்றுதான். எதிர்க்கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்தவள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

போட்டோ போட்டிருக்கிறேன்.

மல்லிப்பூ | ஞாயிறு, இரவு 9.50

அம்மா ஸ்டூலில் இருக்கிற போட்டோ இல்லையா?

கோரிப்பாளையம் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.55

எடுக்க விடவில்லை.

நடுநிசி | ஞாயிறு, இரவு 11.40

நல்லா இருக்கு டீச்சர். நான் வரைய மாட்டேன், எனக்கு வராது. ஆனால் பழைய தியேட்டர் பக்கம் போனால் அப்பா காலத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கலாம் என்று இருக்கிறேன்.

ஏணிக்காரர் | திங்கள், காலை 6.00

பார்த்தேன். 'னை' துதிக்கை கொஞ்சம் தடித்துவிட்டது, 'லை' சரியாக வந்திருக்கிறது. ஷேடு வலப்பக்கம் விழுகிறது, நல்லது. மஞ்சள் ஒரு கோட்தான் அடித்திருக்கிறீர்கள், சித்திரை வெயிலுக்கு நிற்காது.

வலது மூலையில் பேர் எங்கே?

கோரிப்பாளையம் டீச்சர் | திங்கள், காலை 6.40

அப்பா அங்கே 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து அவர் பெயரைப் போட்டிருந்தார். அதையே போடவா, என்னுடையதைப் போடவா என்று தெரியாமல் விட்டுவிட்டேன் ஐயா.

ஏணிக்காரர் | திங்கள், காலை 6.45

எழுதினது யார்?

கோரிப்பாளையம் டீச்சர் | திங்கள், காலை 7.10

ரெண்டாவது கோட் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன். மூலைக்கு எத்தனாம் நம்பர் பிரஷ்?

ஏணிக்காரர் | திங்கள், காலை 7.12

நாலு.